மலையேறும் வேனுக்கு அடிவயிற்றில் ஆபத்து! - இன்ஜின் மாற்றிய கேம்பர் வேன்களின் 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' கதை

வேகத்தடையில் கார் ஏறி இறங்கும்போது அடியில் 'கர்ர்ர்...' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓட்டுபவர் முகம் சுருங்கும். பின்சீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் எழுந்து உட்காருவார்கள், ஏதோ அதனால் காரின் எடை குறைந்துவிடும் என்பதுபோல! அதுவே ஊருக்குள் என்றால், அடுத்த தெருவில் ஒரு மெக்கானிக் கடை இருக்கும்; பயமில்லை. அதே சத்தம் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்திலோ, மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா கற்பாதையிலோ கேட்டால்? செல்போன் சிக்னல் கிடையாது. அடுத்த ஊர் பல மணி நேரத் தொலைவில். வேனுக்குள் குழந்தைகள், சமையல் பாத்திரங்கள், இரண்டு நாளைக்கான தண்ணீர். வேனுக்குக் கீழே, மணலில் மெல்லப் பரவும் கறுப்பு ஆயில்.

இந்தப் பயத்தோடு வாழும் ஒரு வினோதமான கூட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. கையில் இருப்பது முப்பது, நாற்பது வருடப் பழைய ஃபோக்ஸ்வாகன் வேன். அதன் ஒரிஜினல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, வேறு கம்பெனி இன்ஜினை மாட்டியிருப்பார்கள். வேகம் வந்துவிட்டது, மலையேற்றம் சுலபமாகிவிட்டது. ஆனால், வண்டியின் அடிவயிறு ஆறேழு சென்டிமீட்டர் கீழே இறங்கிவிட்டது.

ஆறேழு சென்டிமீட்டர் என்பது ஒரு தீப்பெட்டியின் நீளத்தைவிடச் சற்றுதான் அதிகம். அதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். கதையைக் கேளுங்கள்.

ஜெர்மனி உடம்பு, ஆஸ்திரியா கால்கள்

ஃபோக்ஸ்வாகனின் மூன்றாம் தலைமுறை வேன் 1979-ல் வந்தது. ஐரோப்பாவில் 'டி3' என்பார்கள். அமெரிக்காவில் 'வேனகன்' என்று பெயர். டப்பா மாதிரி சதுரமான உடம்பு. பீட்டில் காரைப் போலவே இதற்கும் இன்ஜின் பின்னால்தான். ஓட்டுபவர் ஏறக்குறைய முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். (இந்த இரண்டு விஷயங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்!)

இந்த வேனை வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் வீடாக மாற்றிக்கொடுத்தது. மேலே தூக்கினால் கூடாரம்போல விரியும் கூரை, அங்கே இருவர் படுக்க இடம், கீழே மடக்கிக் கட்டிலாக்கும் சீட், கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் தொட்டி. இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் தாராளமாகத் தூங்கலாம்.

1985-ல் வந்ததுதான் 'சிங்க்ரோ'. அதாவது, ஃபோர் வீல் டிரைவ் மாடல். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் இருந்த ஸ்டெய்ர்-டைம்லர்-புக் நிறுவனம்தான் இதைத் தயாரித்தது. மெர்சிடீஸின் பிரபலமான ஜி கிளாஸ் ஜீப் உருவாவதும் அதே கிராஸில்தான் என்றால், அந்த ஊர்க்காரர்களின் கைராசியைப் புரிந்துகொள்ளலாம். நான்கு கியர்களோடு, கரடுமுரடான பாதையில் ஊர்ந்து செல்வதற்கென்றே மிக மெதுவான 'ஜி' கியர் ஒன்று தனியாக உண்டு. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் அடியில் கல் படாமல் இருக்க, சறுக்குக் கம்பிகளும் கொடுத்திருந்தார்கள். 1992 வரை இந்த மாடல் வந்தது. பெரிய 16 இன்ச் சக்கரமும் பலப்படுத்திய உடம்பும் கொண்ட ரகம் சுமார் 2,100 வண்டிகள் மட்டுமே வந்தன. அதை வைத்திருப்பவர்கள் அதைக் குடும்ப நகை மாதிரி பாதுகாக்கிறார்கள்.

எல்லாம் சரிதான். இன்ஜின்தான் பாவம்!

மூச்சுவாங்கும் யானை

ஆரம்பத்தில் சிங்க்ரோவில் வந்தது 1.9 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். சக்தி வெறும் 78 குதிரைத்திறன். இன்று நம் ஊர்ச் சின்ன ஹேட்ச்பேக் கார்களில்கூட ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. ஆனால், இது சமையலறை, கட்டில், தண்ணீர்த் தொட்டி, குடும்பம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இரண்டு டன்னைத் தாண்டும் வண்டி. மலைப்பாதையில் லாரிகளே இதை முந்திச் செல்லும். பிறகு வந்த 2.1 லிட்டர் இன்ஜின் கொஞ்சம் பரவாயில்லை ரகம்.

சக்தி குறைவு என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'வாஸர்பாக்ஸர்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட இந்த இன்ஜினுக்கு இன்னொரு பலவீனம், சிலிண்டர் ஹெட்டுக்கு அருகே அரிப்பு ஏற்பட்டு கூலன்ட் கசிவது. வயதான இன்ஜின்களில் இது சகஜம். திருப்பித் திருப்பி ஹெட்டைக் கழற்றிச் சலித்தவர்கள், 'இன்ஜினையே மாற்றிவிட்டால் என்ன?' என்று யோசித்தார்கள்.

அவர்கள் கண்ணில் பட்டது ஜப்பானின் சுபாரு. 1989-ல் வந்த லெகஸி காரின் 'ஈஜே22' என்ற 2.2 லிட்டர் இன்ஜின். கிட்டத்தட்ட 130 குதிரைத்திறன். ஜாதகப் பொருத்தம் பார்த்தால், பத்துக்கு எட்டு பொருந்துகிறது! வாஸர்பாக்ஸரைப் போலவே இதுவும் சிலிண்டர்கள் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜின். இதுவும் தண்ணீரால் குளிர்வது. நீளம் குறைவு, அகலம் அதிகம் என்பதால் வேனின் பின்பக்க அறைக்குள் அடக்கமாக உட்காரும். ஆரம்ப வருட ஈஜே22-ல் இன்னொரு வசதி, டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. நடுக்காட்டில் பயணம் செய்பவருக்கு இதைவிட நிம்மதி வேறென்ன வேண்டும்?

ஜெர்மனி உடம்பு, ஆஸ்திரியா கால்கள், ஜப்பான் இதயம். கல்யாணம் முடிந்தது. பிரச்னை, முதல்முறை பள்ளத்தில் இறங்கியபோது தெரிந்தது.

பொருந்தாத இரண்டு பொருத்தம்

பீட்டில் பரம்பரையில் வந்த வாஸர்பாக்ஸருக்குத் தனியாக ஆயில் சேம்பர் கிடையாது. இன்ஜினின் அடிப்பகுதியே ஆயில் தொட்டி. அது தட்டையாக, வண்டியின் அடியோடு அடியாக ஒட்டியிருக்கும். பின்னால் தொங்கும் இன்ஜின் தரையில் இடித்துவிடக் கூடாது என்று ஆரம்பத்திலிருந்தே யோசித்துச் செய்தது அது.

சுபாரு இன்ஜின் பிறந்தது முன்பக்க பானெட்டுக்குள் இருப்பதற்காக. அங்கே கீழே இடத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் அதன் ஆயில் சேம்பர் ஆழமாகத் தொங்கும். தகரத்தால் ஆனது. அதே இன்ஜினை வேனின் பின்னால் மாட்டும்போது, அந்தச் சேம்பர்தான் மொத்த வண்டியின் மிகத் தாழ்வான பகுதியாகிவிடுகிறது. தொழிற்சாலை கொடுத்த சறுக்குக் கம்பிகள் ஒரு மட்டத்தில் இருக்க, சேம்பர் அதையும் தாண்டி எட்டிப் பார்க்கும். காவலாளியைவிட முதலாளி முன்னால் நின்று அடிவாங்குகிற கதை!

போதாததற்கு, சுபாரு இன்ஜினில் புகை வெளியேறும் துளைகளும் ஹெட்டின் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. எனவே புகைக்குழாய்களும் கீழ்நோக்கியே கிளம்பும். அவற்றைச் சரியாக வளைத்து மேலே கொண்டுவரவில்லை என்றால் அவையும் கல்லில் இடிக்கும்.

கோணம்தான் எல்லாம்

வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிதான் கிரவுண்ட் கிளியரன்ஸ். கார் விளம்பரங்களில் ஒரே ஓர் எண்ணைப் போடுவார்கள். கரடுமுரடான பாதைக்கு அந்த எண் மட்டும் போதாது. அந்தத் தாழ்வான இடம் சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அதைவிட முக்கியம்.

ஓர் உதாரணக் கணக்கு. பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து 60 செ.மீ பின்னால் ஒரு பாகம் தொங்குகிறது. அதற்கும் தரைக்கும் 27 செ.மீ இடைவெளி இருந்தால், ஏறக்குறைய 24 டிகிரி சரிவிலிருந்து அது இடிக்காமல் இறங்கிவிடலாம். இடைவெளி 20 செ.மீ ஆகிவிட்டால்? 18 டிகிரிதான். ஆறு டிகிரி போய்விட்டது. சமதளத்தில் 7 செ.மீ இழப்பு என்பது பெரிதாகத் தெரியாது. ஓடைக்குள் இறங்கி மறுகரை ஏறும்போது, அந்த 6 டிகிரிதான் பாதையா, பாறையா என்பதைத் தீர்மானிக்கும்.

இன்னொரு சிக்கல், பார்வை. முதலில் நினைவில் வைக்கச் சொன்ன விஷயம் இதுதான். ஓட்டுபவர் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். சேம்பரோ அவருக்கு மூன்று மீட்டருக்குப் பின்னால். ஒரு கல்லை முன்சக்கரங்களுக்கு நடுவில் விட்டுத் தாண்டியதும் 'அப்பாடா' என்று மூச்சுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். இரண்டு விநாடி கழித்துப் பின்னாலிருந்து வரும் 'டங்' சத்தம்!

அந்த 'டங்'கில் சேம்பர் கிழிந்தால், சுமார் நாலரை லிட்டர் ஆயில் நிமிடக்கணக்கில் வெளியேறிவிடும். ஆயில் பிரஷர் விளக்கைக் கவனித்து உடனே இன்ஜினை அணைத்தால் தப்பிக்கலாம். 'அந்த மேட்டை மட்டும் தாண்டிவிடலாம்' என்று நினைத்தால் பேரிங் உருகி, இன்ஜின் சீஸ் ஆகிவிடும். கிழியாமல் வெறுமனே உள்ளே நசுங்கினாலும் தலைவலிதான். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய், சேம்பரின் தரைக்குச் சற்று மேலே இருக்கிறது. தரை நசுங்கி மேலே வந்தால் அந்த வாய் அடைபடும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. உள்ளே இன்ஜின் தாகத்தில் சாகும். இரண்டில் இதுதான் மோசம், ஏனென்றால் கீழே குனிந்து பார்ப்பவர் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நம்பி ஓட்டிக்கொண்டே இருப்பார்.

சேம்பரை வெட்டினால் போதுமா?

முதல் வைத்தியம், சேம்பரின் ஆழத்தைக் குறைப்பது. இந்த மாற்றத்துக்கென்றே குட்டையான சேம்பர்கள் கடைகளில் கிடைக்கின்றன. தாங்களே வெட்டி வெல்டு வைப்பவர்களும் உண்டு. அங்கேதான் அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெட்டும்போது ஆயிலின் அளவும் குறைகிறது. 30 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம் உள்ள ஒரு தொட்டியில் 5 செ.மீ உயரத்தை வெட்டினால், 3 லிட்டர் இடம் போச்சு. சேம்பரின் வடிவம் அப்படியே ஒரு செவ்வகம் இல்லை என்றாலும், இழப்பு சின்னது இல்லை என்பதற்காகச் சொல்லும் கணக்கு இது. எனவே ஆழத்தில் இழந்ததை அகலத்தில் மீட்க வேண்டும். நல்ல குட்டைச் சேம்பர்களுக்கு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி அறைகள் இருப்பது இதனால்தான். அகலமான, ஆழமில்லாத தட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், எப்படி அலைபாய்கிறது! அதேபோல, சரிவில் வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கமாக ஓடிவிடும். உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கும். அதைத் தடுக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டும்.

உறிஞ்சுகுழாயையும் அதே அளவுக்குக் குட்டையாக்க வேண்டும். தரைக்கு மிக நெருங்கினால் ஆயில் வராது. மிகவும் விலகினால் காற்று வரும். மில்லிமீட்டர் கணக்கு இது. கண்ணளவில் செய்கிற வேலை இல்லை.

பலரும் மறப்பது ஆயில் ஸ்டிக்கை! பழைய சேம்பருக்காகப் போட்ட கோடுகள் புதிய சேம்பருக்குப் பொய் சொல்லும். குறைவாக ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். அதிகமாக ஊற்றினாலும் ஆபத்து. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரையாக்கிவிடும். அதனால் சரியான அளவை அளந்து ஊற்றி, ஸ்டிக்கில் புதுக் கோடு போட வேண்டும். சில வருடம் கழித்து அந்த வேனை வாங்குபவருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

'இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? இன்ஜினையே கொஞ்சம் மேலே தூக்கி மாட்டினால் என்ன?' என்ற கேள்வி நியாயமானதுதான். இன்ஜினுக்கு மேலே ஒரு மூடி, அதற்கு மேலே குடும்பம் படுக்கும் மெத்தை. இடமில்லை. மேலும் இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே துண்டாக இணைந்தவை. ஒன்றைத் தூக்கினால் மற்றது சாயும். கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்ட்டின் கோணம் மாறி, வண்டி முழுக்க அதிர ஆரம்பிக்கும்.

ஸ்பிரிங்கும் டயரும்

இந்த வேனில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பழைய ஜீப்புகளில் அச்சு நேரடியாகச் சக்கரத்தோடு இணைந்திருப்பதால், ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். சிங்க்ரோவில் நான்கு சக்கரமும் தனித்தனி காயில் ஸ்பிரிங்கில். இன்ஜினும் கியர் பாக்ஸும் உடம்போடு இருக்கின்றன. உயரமான ஸ்பிரிங் போட்டால் சேம்பரும் சேர்ந்து உயரும். முப்பது வருடச் சுமையில் பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கும் என்பதால், புது ஸ்பிரிங் போட்டதுமே இழந்த உயரத்தில் கொஞ்சம் திரும்ப வந்துவிடும்.

ஆனால் அளவுக்கு மீறி உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டுகளின் ஜாயின்ட் அதிகக் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். வண்டியின் எடை மையமும் மேலே போகும். ஏற்கெனவே மேலே விரியும் கூரை, அதற்கும் மேல் கேரியர் என்று தலைக்கனம் உள்ள வண்டி இது. பக்கவாட்டுச் சரிவில் போகும்போது பயணிகளின் வயிற்றில் புளி கரைக்கும்.

டயர்? வழக்கமான 205/70 ஆர்14 டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 64 செ.மீ. அதற்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் 70 செ.மீ. ஆறு சென்டிமீட்டர் லாபம் என்று மகிழ வேண்டாம். அச்சு இருப்பது டயரின் நடுவில் என்பதால் உயர்வது மூன்று செ.மீ மட்டுமே. அதற்குக் கொடுக்கும் விலை, ஸ்பீடோமீட்டர் சுமார் 9 சதவிகிதம் குறைத்துக் காட்டும். ஊர்ந்து போகும் 'ஜி' கியரும் அதே அளவு வேகமாகிவிடும், எங்கே மெதுவாகப் போக வேண்டுமோ அங்கேயே.

அடியில் கனமான அலுமினியத் தகடு பொருத்துவது இன்னொரு வழி. கவசம் நல்லதுதான். ஆனால் கவசத்துக்கும் தடிமன் உண்டு. அதுவும் கிளியரன்ஸில் கொஞ்சம் தின்னும். சேற்றையும் காய்ந்த புல்லையும் சேர்த்து வைக்கும். சூடான புகைக்குழாய் பக்கத்தில் காய்ந்த புல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காட்டுப்பாதையில் போய்வந்தால் தகட்டைத் துழாவிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

டீசல் பிரியர்கள் வேறு வழியில் போகிறார்கள். கோல்ஃப் காரின் டீசல் இன்ஜினை மாட்டும்போது, அதை 50 டிகிரி பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனே டீசல் டி3 வேன்களில் அப்படித்தான் செய்தது. அந்தப் பழைய டீசல் வேனின் சேம்பரையும் தாங்கிகளையும் தேடிப்பிடித்து வாங்கினால் உயரப் பிரச்னை பெருமளவு தீரும். தென்னாப்பிரிக்காவில் இந்த வேனின் உற்பத்தி 2002 வரை நீடித்தது. அங்கே ஆடியின் ஐந்து சிலிண்டர் இன்ஜினைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். கொடுத்துவைத்தவர்கள்!

சட்டமும் சும்மா விடாது. ஜெர்மனியில் இன்ஜின் மாற்றத்தைப் பரிசோதித்து வண்டிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். கலிஃபோர்னியாவில் மாட்டும் இன்ஜின் வண்டியின் வருடத்துக்குச் சமமானதாகவோ, புதியதாகவோ இருக்க வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுதாக இருக்க வேண்டும்.

அளவெடுக்கும் நேரம்

அனுபவசாலிகள் கிளியரன்ஸைக் காலி வண்டியில் அளப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பெட்ரோல் நிரப்பி, படுக்கை, பாத்திரம், குழந்தைகள் எல்லாரையும் ஏற்றிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, டேப்போடு அடியில் புகுந்து அளக்கிறார்கள். இன்ஜின் மாற்றுவதற்கு முன் ஒருமுறை. மாற்றிய பின் ஒருமுறை. அந்த அளவை ஒரு குச்சியில் குறித்து வேனிலேயே வைத்துக்கொள்வது எளிய தந்திரம். வழியில் சந்தேகமான கல் ஒன்று குறுக்கே வந்தால், இறங்கி அதன் பக்கத்தில் குச்சியை நட்டுப் பார்த்தால் போதும். குச்சியைவிடக் கல் உயரமா, சுற்றிப் போக வேண்டியதுதான். அல்லது, கல்லின் மேலேயே சக்கரத்தை ஏற்ற வேண்டும். புதிதாக ஓட்டுபவர்கள் கல்லைச் சக்கரங்களுக்கு நடுவில் விடத்தான் பார்ப்பார்கள். இந்த வேனில் அது தவறு. சக்கரம் கல்லில் ஏறினால் சேம்பரும் கூடவே உயரும்.

பெட்டியில் ஐந்து லிட்டர் உபரி ஆயிலும், உலோகத்தில் ஒட்டும் எபாக்ஸி பசையும் எப்போதும் இருக்கும். சின்ன விரிசலாக இருந்தால் ஆயிலைத் துடைத்து, பசை பூசி, ஒரு ராத்திரி காயவைத்துவிட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம்.

மற்ற ஜீப்புகள் மோசமான இடத்தைக் கடக்கும்போது ஒருவர் இறங்கி முன்னால் நின்று கை காட்டுவார். சுபாரு இதயம் பொருத்திய சிங்க்ரோ குடும்பங்களில் இரண்டு பேர் இறங்க வேண்டும். முன்னால் நிற்பவர் 'வா... வா...' என்று அழைக்க, பின்சக்கரத்தின் பக்கத்தில் இன்னொருவர் முழங்காலிட்டு, சேம்பருக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தபடியே நகர்வார். வெளிச்சம் மறைந்தால் அவர் கையைத் தூக்குவார். வண்டி அப்படியே நிற்க வேண்டும். பெரும்பாலும் இந்த வேலை, குனிய வசதியான உயரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் வந்து சேர்கிறது.